தாயும் சேயும் நலம், தந்தை?

மகப்பேற்று மனையிலிருந்து வரும் முதற்செய்தி எக்காலத்தும் ஒன்றாகவே இருக்கின்றது. "தாயும் சேயும் நலம்" என்பர். கேட்டவர் மகிழ்வர், இனிப்பு வழங்குவர், குழந்தை யாருடைய சாயல் என்று வினவுவர். தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருக்கும் மூன்றாமவரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவர் நலத்திற்கு என்ன குறை என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அன்றைக்கு அவருக்கும் ஒன்று நேர்ந்துவிடுகின்றது. நேற்றுவரை மகனாகவும் கணவனாகவும் நண்பனாகவும் இருந்தவர், அவ்வுறவுகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நின்று காணவேண்டியவராகின்றார்.

பள்ளி ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்த்தால், அன்னையின் அன்பைப் போற்றும் கட்டுரைகளுக்கும் கவிதைகளுக்கும் குறைவே இல்லை. தந்தையைப் பற்றி எழுதப் புகும் மாணவரோ, "எங்கள் அப்பா உழைப்பவர், கண்டிப்பானவர்" என்ற இரண்டு வரிகளோடு நிறுத்திவிடுகின்றனர். அவர்கள்மீது குற்றமில்லை. அவர்கள் கண்டது அவ்வளவே. ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த நம் குடும்பங்களில் தந்தை எங்ஙனம் இருந்தார், ஏன் அங்ஙனம் இருந்தார், இனி எங்ஙனம் இருக்கலாம் என்பதைப் பெற்றோருடன் மனம்விட்டுப் பேசும்பொருட்டு இம்மலரின் சில பக்கங்களை எடுத்துக்கொள்கின்றோம்.

நம் மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. பொறுப்பின்றித் திரியும் இளைஞனைக் கண்டால், "ஒரு கல்யாணத்தைச் செய்து வை, திருந்திவிடுவான்" என்பார்கள். மணம் முடித்தும் திருந்தாவிடின், "ஒரு பிள்ளை பிறக்கட்டும், பொறுப்புத் தானாக வந்துவிடும்" என்பார்கள். ஒருவனைத் திருத்தும் மருந்தாக ஒரு பெண்ணையும், பின்னர் ஒரு பச்சிளங் குழந்தையையும் பயன்படுத்துவது எவ்வகை நீதி என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அது நிற்க. பிள்ளை பிறந்தால் ஆடவன் மனம் மாறும் என்பதில் பாதி உண்மை இல்லாமற் போகவில்லை. பிள்ளையின் பிறப்பு அம்மாற்றத்திற்கு ஒரு வாயிலைத் திறக்கின்றது. அவ்வாயிலுக்குள் அவன் புகுவது பிள்ளையைத் தன் கையில் ஏந்தி, குளிப்பாட்டி, உறங்கவைக்கும் நாளில்தான் என்பது எம் கருத்து.

முதலில் மாறுவது மனைவியைப் பற்றிய எண்ணம். மணமான புதிதில், தன் வீட்டை நடத்த வந்தவள் என்றே பெரும்பாலோர் மனைவியைக் கருதுகின்றனர். அன்பு இல்லை என்பதன்று. அன்பு இருந்தும் அவள் படும் பாட்டின் அளவு தெரிவதில்லை. இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து பாலூட்டி, ஈரத்துணி மாற்றி, விடிவதற்குள் அடுப்பும் மூட்டும் ஒருத்தியை அருகிலிருந்து காணும்போதுதான், இவள் உடல் எதனால் ஆயது என்ற வியப்பு அவனுக்கு எழுகின்றது. குழந்தை அழும் ஓசை கேட்டும், விழித்தவன் விழியாதவன்போற் படுத்துக்கிடக்கும் தந்தையரும் உளர். தாய்மார் அதனை அறியாதவர் அல்லர். சொல்லாமல் இருக்கின்றனர், அவ்வளவே.

ஆனால் இக்காட்சியைக் காணும் வாய்ப்பையே நம் வழக்கம் பலருக்குத் தருவதில்லை. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது நம் மரபு. பெண்ணுக்கு ஓய்வும் பத்தியச் சாப்பாடும் தாயின் துணையும் கிடைக்கின்ற நல்ல மரபு அது. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. எனினும், அம்மூன்று மாதமும் கணவன் ஒரு விருந்தினன். ஓய்வு நாளில் பழங்களை வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் அமர்கின்றான். குழந்தையைத் தொடப் போனால், "கழுத்து இன்னும் நிற்கவில்லை, நீங்கள் தூக்க வேண்டாம் தம்பி" என்று மாமியார் அன்போடு தடுக்கின்றார். சாரோங் தொட்டில் கட்ட உத்தரத்தில் கயிறு போடுவதோடு அவன் பங்கு முடிந்துவிடுகின்றது. குழந்தை தன் வீட்டிற்கு வந்துசேரும்போது அதன் எடையை அறியாத கைகளோடு அவன் நிற்கின்றான். பிறகு, "ஆம்பிளைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா?" என்று அவனையே நகையாடுகின்றோம். கற்றுக்கொடுக்காத பாடத்தில் தேர்வு வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மனைவிக்கு அடுத்தபடியாக, மனைவியின் சுற்றத்தார். இங்கே நம் மொழியே ஓர் ஆசிரியர்போல் வேலை செய்கின்றது. பிள்ளை பிறந்ததும் வீட்டில் விளிப்பெயர்கள் எல்லாம் மாறிவிடுவதைப் பெற்றோர் கவனித்திருப்பர். "ஏங்க" என்று அழைத்தவள், "பாப்பா அப்பா" என்கின்றாள். மாமனார் தாத்தாவாகின்றார், மாமியார் பாட்டியாகின்றார். மருமகனே அவர்களைக் குழந்தையின் வாயால் அழைக்கத் தொடங்கிவிடுகின்றான். மணத்தால் வந்த உறவு, மகவின் வழியாகக் குருதி உறவாகிவிடுகின்றது. சீர்வரிசையில் ஏற்பட்ட மனத்தாங்கலால் ஓராண்டாகப் பேசாதிருந்த மைத்துனன் வீட்டுக்கு, பிள்ளைக்கு முடியிறக்கிக் காதுகுத்த வேண்டுமென்றதும், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டியிருக்கின்றது. தாய்மாமன் மடி இல்லாமல் அச்சடங்கு எங்ஙனம் நடக்கும்? நம் முன்னோர் இதனைத் திட்டமிட்டே செய்தனரோ என்று எண்ணத் தோன்றுகின்றது. பகைத்துக்கொண்டவர் இருவரையும் ஒரு கைக்குழந்தையின் முன் அருகருகே அமரவைக்கும் ஏற்பாடு அது.

தந்தையின் உள்ளத்தைப் பற்றிப் பேசுங்கால், சங்கச் சான்றோரை நினையாமல் மேற்செல்ல இயலவில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு மகன் பிறக்கின்றான். அவனோ போர்க்களத்திலிருந்து நேரே வந்து பிள்ளையைக் காண்கின்றான். கையில் வேல் இருக்கின்றது. உடலில் வியர்வை வற்றவில்லை. கழுத்தில் புண் ஆறவில்லை. பகைவரைச் சினந்து நோக்கிய அவன் கண்கள், தன் சிறுவனை நோக்கும்போதும் சிவப்பு மாறவில்லை என்று ஔவையார் பாடுகின்றார். இது புறநானூற்றின் 100 ஆம் பாடல். மன்னனின் வீரத்தைப் புகழ்வதே அப்பாடலின் நோக்கம் என்று உரைகாரர் கூறுவர், அது சரியே. ஆயினும், பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் நமக்கு வேறொன்று தோன்றுகின்றது. தொட்டிலருகே நிற்கும் தந்தையின் சிவந்த கண்களை அந்தப் புலவர் எத்துணைக் கூர்மையாகக் கண்டிருக்கின்றார்! வேலையிடத்துச் சினத்தைக் கழற்றி வைக்காமல் வீட்டிற்குள் நுழையும் தந்தையர் இன்றும் உளரல்லரோ? மேலாளரிடம் காட்ட முடியாத கோபம் வீட்டு வாசலில் செருப்போடு நிற்பதில்லை, உள்ளே வந்துவிடுகின்றது.

அதே ஔவையார், அதே அதியமானிடம், வேறொரு பாடலில் (அது 92 ஆவது) மழலையைப் பற்றிக் கூறுகின்றார். யாழின் இனிமை அதற்கில்லை, பொருளும் விளங்காது, எனினும் தந்தையர்க்கு அது அருளைச் சுரக்கச் செய்கின்றது என்பது அதன் கருத்து. தாயர்க்கு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே மன்னனிடத்துச் சிவந்த கண்ணையும் மழலைக்கு நெகிழும் மனத்தையும் ஒரு பெண்பாற் புலவர் கண்டு சொல்லியிருக்கின்றார். உண்ணும் சோற்றைக் கையால் துழாவி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத செல்வரின் வாழ்நாளுக்குப் பயன் என்ன என்று பாடியவரோ ஒரு பாண்டிய மன்னர். அறிவுடை நம்பி என்பது அவர் பெயர். ஆகவே, பிள்ளையைக் கொஞ்சுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம் நம் பழந்தமிழ் மரபன்று. அது இடையில் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தோட்டப்புறத்தில் அது எப்படி இவ்வளவு உறுதியாக ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் சற்று விரித்துப் பேசவேண்டும்.

ரந்தாவைச் சூழ்ந்த லின்சம் முதலிய தோட்டங்களில் ரப்பர் தழைத்திருந்த நாள்களை முதியோர் நன்கு அறிவர். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் மிகுதியாக ஒழுகும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஆகவே பொழுது புலருமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாக வேண்டும். ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு நிரை. கைக்குழந்தை உறக்கத்திலேயே துணியிற் சுற்றப்பெற்று ஆயாக் கொட்டகைக்குப் போய்விடும். அதனைச் சுமந்து சென்றவர் யார்? பெரும்பாலும் தாய்தான். ஒரு தோளில் பிள்ளை, மறு கையில் வாளி. தந்தை மிதிவண்டியில் காண்டாக் கட்டையோடு முன்னே போய்விடுவார். பிள்ளை முதன்முதல் எழுந்து நின்றதையும் அடியெடுத்து வைத்ததையும் பெற்றோர் இருவருமே காணாமல், கொட்டகை ஆயா சொல்லக் கேட்டு அறிந்த குடும்பங்கள் பல.

பிற்பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால் ஆடவர்க்கு ஓய்வு. பெண்டிர்க்கோ அப்போதுதான் இரண்டாம் வேலை தொடங்கும். விறகு, தண்ணீர், துணி, சமையல், பிள்ளை. ஆக, தந்தையர்க்கு நேரம் இல்லாமற் போனது என்று முழுவதும் சொல்லிவிட முடியாது. மாலை நேரம் இருந்தது; அதைப் பிள்ளையோடு கழிக்கும் வழக்கம்தான் இல்லை. பந்துத் திடலும் கோயில் திண்ணையும் அந்நேரத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. கள்ளுக்கடை எடுத்துக்கொண்டதைப் பற்றி இங்கே விரிவாக எழுத வேண்டியதில்லை. சம்பள நாள் இரவில் லயத்து வீடுகளில் பிள்ளைகள் எத்துணை அமைதியாகப் படுத்திருந்தனர் என்பதை அறிந்தவர் அறிவர்.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வாறு எழுந்தவையே. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால், பள்ளி என்பது துரையின் பொறுப்பு, கிராணியின் பொறுப்பு, வாத்தியாரின் பொறுப்பு. தகப்பனுக்கு அதில் வேலை இல்லை என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது.

இதற்கு விலக்கானவர்களும் இருந்தனர். சம்பள நாளன்று மிதிவண்டியின் முன்கம்பியில் துண்டைச் சுற்றிப் பிள்ளையை அமர்த்தி, ரந்தாவ் பட்டணத்துக்கு அழைத்துச் சென்று ரொட்டியும் காப்பியும் வாங்கித் தந்த தந்தையரைப் பற்றி, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்கள் கண் கலங்கப் பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். அன்று அவர் செலவிட்டது சில காசுகள்தாம்.

தந்தையான பின் ஆடவனுக்குப் புதிதாக விளங்கும் மற்றோர் உறவு, அவனுடைய தந்தையே. "அப்பா என்னிடம் ஒரு நாளும் சிரித்துப் பேசியதில்லை" என்ற மனக்குறை நடுத்தர வயதினர் பலருக்கு உண்டு. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அவன் அக்குறையை மீண்டும் எண்ணிப் பார்க்கின்றான். அவருக்கு யார் சிரித்துக் காட்டினார்? கங்காணி கொண்டுவந்து கப்பலேற்றிய பாட்டன்மாருள் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்கள். காசு அனுப்பினரேயன்றி முகம் காட்ட இயலவில்லை. சப்பானியர் காலத்தில் 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை நெடுகிலும் மாண்டவர்களுள் தந்தையர் எத்தனை பேர்! தகப்பன் முகமே அறியாமல் வளர்ந்தவர்கள் பின்னர்த் தாமே தகப்பன்மார் ஆயினர். பார்த்துக் கற்க ஒருவர் இல்லாத நிலையில், உழைத்துச் சோறு போடுவதொன்றே தந்தைமை என்று அவர்கள் கொண்டதில் வியப்பில்லை. இவ்வரலாற்றை அறியும் மகன் தன் தந்தையை மன்னிக்கின்றான் என்பதைவிட, அவரை முதன்முறையாகக் காண்கின்றான் என்பதே பொருந்தும்.

மகனை ஒருநாளும் தூக்காத அதே மனிதர், பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவதையும் பார்க்கின்றோம். உள்ளத்தில் ஈரம் இல்லாமலா இருந்தது? இளமையில் நாணம் தடுத்தது. பிறர் நகைப்பர் என்ற அச்சம் தடுத்தது. முதுமையில் அத்தடை நீங்கிவிட்டது. இதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகனின் நெஞ்சில் மகிழ்ச்சியோடு சிறிது பொறாமையும் இருக்கும். இருப்பதில் தவறில்லை.

பிள்ளையைப் பேணும் கைகள் உடலையே மாற்றுகின்றன என்று இக்கால அறிவியலும் கூறுகின்றது. பிலிப்பீன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 ஆடவரை 2005 முதல் 2009 வரை தொடர்ந்து ஆராய்ந்து, 2011 இல் முடிவை வெளியிட்டனர். மணந்து தந்தையானவர்களின் உடலில், ஆண்மைச் சுரப்பு எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் பெரிதும் குறைந்திருந்தது. அத்தந்தையருள்ளும், நாளொன்றுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பேணியவரிடம் அது மற்றவரைவிடக் குறைவாகவே காணப்பட்டது. போட்டிக்கும் மோதலுக்கும் தூண்டும் சுரப்பு தணிந்து, பேணும் இயல்புக்கு உடல் இடங்கொடுக்கின்றது என ஆய்வாளர் கருதினர். மாமியார் "தூக்க வேண்டாம் தம்பி" என்று தடுக்கும்போது எதனைத் தடுக்கின்றார் என்பதை அவர் அறியார்.

இன்று லயங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும், செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. நம் பெற்றோருள் பலர் செனவாங், சிரம்பான் தொழிற்சாலைகளில் மாறிமாறி வரும் நேர முறையில் வேலை செய்கின்றனர். பிள்ளை விழித்திருக்கும்போது தந்தை உறங்குகின்றார். தந்தை விழித்திருக்கும்போது பிள்ளை உறங்குகின்றது. பிரட்டின் இடத்தைத் தொழிற்சாலைப் பேருந்து எடுத்துக்கொண்டது. கள்ளுக்கடையின் இடத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டதோ என்றுகூட ஐயுறுகின்றோம்; அது வீட்டிற்குள்ளேயே இருப்பதால், தந்தை வீட்டில்தான் இருக்கின்றார் என்று பிள்ளையும் ஏமாந்துவிடுகின்றது.

சட்டம் சிறிது கை கொடுத்திருக்கின்றது. திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின்படி, 2023 சனவரி 1 முதல், மணமான ஆண் தொழிலாளர்க்குப் பிள்ளை பிறக்கும்போது தொடர்ச்சியாக 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஐந்து பேறுகள் வரை இவ்வுரிமை செல்லும். ஒரே முதலாளியிடம் 12 மாதம் பணியாற்றியிருக்க வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பும் தரவேண்டும். அடிக்கடி இடம் மாற்றப்படும் குத்தகைத் தொழிலாளர்க்கு இந்த 12 மாதக் கணக்கு எட்டாக்கனியாகிவிடுவது வருந்தத்தக்கது. தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள். ஏழு நாள் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கிடைத்த ஏழு நாளையும் நண்பர்க்கு விருந்து வைப்பதில் கழிப்பவரைப் பார்க்கும்போது, முறையிடுவதற்கு நா எழவில்லை.

தந்தையர் கருத்திற்கொள்ள வேண்டிய இன்னொன்று, பதிவு. முஸ்லிம் அல்லாதார்க்கான திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருவனுக்கு ஒரு மனைவி என்பதும், திருமணம் பதிவு பெறவேண்டும் என்பதும் அதன் விதிகள். கோயிலில் தாலி கட்டினோம், ஊரார் வாழ்த்தினர், போதும் என்று பதிவை விட்டுவிடுவோர் இன்றும் உளர். அத்தகைய பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை வந்து சேராது. தாயின் நிலையே அதன் நிலை. தாயிடம் குடியுரிமை இல்லையேல், இம்மண்ணிற் பிறந்து இம்மண்ணிலேயே வளரும் பிள்ளை அடையாள அட்டை இன்றித் தவிக்கின்றது. பெற்றவன் உயிரோடு அருகில் நிற்க, சட்டத்தின் கண்ணுக்கு அவன் தெரிவதில்லை. பிள்ளைக்குப் பெயர்சூட்டு விழா எடுக்கும் செலவில் நூறில் ஒரு பங்கும் ஆகாத இவ்வேலையைத் தள்ளிப்போடுவதற்கு என்ன காரணம் சொல்வது?

நண்பர் கூட்டமும் தந்தைமையால் சுருங்கத்தான் செய்கின்றது. இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டால் வராதவனைக் "கூண்டுக்கிளி" என்று கேலி செய்வார்கள். கேலி செய்வோர் சில ஆண்டுகளில் தாமும் அக்கூண்டிற்கு வந்துசேர்வர். ஆனால், "என் பிள்ளை, என் வீடு" என்று அண்டை வீட்டாரையும் மறந்து ஒடுங்கிவிடுவது மற்றொரு கேடு. லயத்து வாழ்க்கையில் குறைகள் பல இருப்பினும், எதிர்வீட்டுப் பிள்ளை பசித்து உறங்காது. பெண்குழந்தை பிறந்த பின்தான் பிறர் வீட்டுப் பெண்களை மதிக்கக் கற்றேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வதும் நம் காதில் விழுகின்றது. கற்றது நன்று. எனினும், அவரைப் பெற்றவளும் அவரோடு பிறந்தவளும் அதற்குமுன் அவ்வீட்டில் இருந்தனரே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இறுதியாக, நம் பள்ளி வாயிலுக்கு வருவோம். காலையில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை இறக்கிவிட்டுச் செல்லும் தந்தையர் பலர். பிள்ளை திரும்பிக் கையசைக்கும்போது வண்டி சாலைக்குப் போய்விடுகின்றது. தேர்ச்சி அறிக்கை பெறும் நாளில் வகுப்பறை முழுதும் தாய்மார்களே அமர்ந்திருக்கின்றனர். தந்தை வந்திருக்கும் பிள்ளையின் முகத்தை அன்று ஆசிரியர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஆண்டு முதல் அவ்வறிக்கை நாளைக் காலையில் மட்டும் வைக்காமல், மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையிலும் வகுப்பறைகளைத் திறந்து வைக்கலாம். பகல் வேலை முடித்து வருபவரும், இரவு வேலைக்குப் புறப்படுபவரும் சீருடையோடே வந்து அமரட்டும். நாற்காலிகள் சிறியவைதாம், ஒன்றாம் ஆண்டு மாணவர்க்காகச் செய்யப்பெற்றவை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.